கம்பைலர் மேல் பழிபோட விடாதவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு சேர்ந்து ரசீது எண் தரும் எங்கள் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் நிரல்) ஒருவழியாகச் சரியாகிவிட்டது. உதவியவர்களுக்குத் தனித்தனியே சொல்வதைவிட எல்லோரும் பார்க்கச் சொல்வதுதான் முறை.

விவரம் தெரியாதவர்களுக்காக: போஸ்ட்கிரெஸ் ஒழுங்காக பில்ட் ஆனது, அதன் டெஸ்டுகளும் தேறின. எங்கள் எக்ஸ்டென்ஷன் மட்டும் 2147483647-க்கு அடுத்த எண் கேட்டால், ‘வரம்பு மீறியது’ என்று நிற்காமல் கூசாமல் -2147483648 என்றது. எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுவது கம்பைலர்; அது நிரலைச் சீராக்காத ஓ0 நிலையில் கம்பைல் செய்தால் பிழை காட்டுகிறது, வேகத்துக்காகச் சீராக்கும் ஓ2-வில் காட்டவில்லை. யாருக்குமே ஜிசிசி என்ற அந்தக் கம்பைலரில்தான் பக் என்று தோன்றும். புகார் எழுதிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

“அவசரப்படாதீங்க, கிளாங்கிலயும் ஒருதடவை பாத்துடுங்க” என்று தடுத்த அண்ணனுக்குத்தான் பெரிய நன்றி. கிளாங் என்ற அந்த இன்னொரு கம்பைலரிலும் அதே கதை. தனித்தனியாக வளர்ந்த இரண்டு கம்பைலர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில் தப்புச் செய்யுமா?

அப்புறம், பாதி ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைல் ஆகி வரும் துண்டுகளை) ஓ2-விலும் மீதியை ஓ0-விலும் மாற்றி மாற்றி இணைத்து, கோளாறு எந்தக் கோப்பில் என்று பிடித்த தங்கை. அலுப்பான வேலை, முகம் சுளிக்காமல் செய்தார். அந்த ஃபங்ஷனைத் தனியாக உருவி, போஸ்ட்கிரெஸே இல்லாமல் ஓடும் குட்டி நிரலாக்கியதும் அவர்தான். அதை, ஓடும்போதே இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிக்கும் சானிடைசரோடு ஓட்டியதும் வரி எண்ணோடு சொல்லிவிட்டது: 2147483647 + 1 என்பது சி மொழியின் முழு எண் வகையான இன்ட்டில் அடங்காது.

எங்கள் நிரல் வரிகள் இவைதான்: எண்ணோடு ஒன்றைக் கூட்டி ஒரு மாறியில் வை, அடுத்த வரியில், அது பழைய எண்ணைவிடச் சிறியதா என்று பார். குறியுள்ள (மைனஸும் ஏற்கும்) முழு எண் வரம்பு மீறினால் என்ன ஆகும் என்று சி மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. எனவே ஒன்றைக் கூட்டினால் எண் குறையவே குறையாது என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சோதனையையே கம்பைலர் தூக்கிவிடுகிறது. விதிப்படி அது செய்தது சரி. எரிச்சலூட்டும் சரி!

போஸ்ட்கிரெஸுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? “பிஜி_கான்ஃபிக் காட்டுற ஃபிளாகையும் உங்க மேக்ஃபைலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க” என்றார் ஒரு பெரியவர். ஃபிளாக் என்பது கம்பைலருக்குத் தரும் விருப்பக் கட்டளை; போஸ்ட்கிரெஸ் எவற்றோடு பில்ட் ஆனது என்று பிஜி_கான்ஃபிக் காட்டும், எங்கள் பில்ட் விதிகள் மேக்ஃபைலில் இருக்கும். போஸ்ட்கிரெஸில் எஃப்ராப்வி இருந்தது, எங்களிடம் இல்லை. வரம்பு மீறினால் எண் சுற்றி வரட்டும் என்று கம்பைலரைக் கட்டுப்படுத்தும் ஃபிளாக் அது. ஜிசிசி 4.3 முதல் இது தேவை என்று போஸ்ட்கிரெஸின் பில்டை அமைக்கும் கான்ஃபிகர் கோப்பில் குறிப்பே இருக்கிறது. எழுதி வைத்த புண்ணியவானுக்கும் ஒரு கும்பிடு. எக்ஸ்டென்ஷன்களுக்காக போஸ்ட்கிரெஸே தரும் பில்ட் அமைப்பான பிஜிஎக்ஸ்எஸ் வழியாக பில்ட் செய்திருந்தால் இந்த ஃபிளாகுகள் தானாக வந்திருக்கும். எங்களுக்கு வந்து சேர்ந்த மேக்ஃபைல் தனி ராஜ்ஜியம்.

ஃபிளாகைச் சேர்த்ததோடு விடாமல், போஸ்ட்கிரெஸ் 11-லிருந்து இருக்கும் பிஜி_ஆட்_எஸ்32_ஓவர்ஃப்ளோவுக்கு (வரம்பு மீறுகிறதா என்று பார்த்துக் கூட்டும் ஃபங்ஷன்) எங்கள் நிரலை மாற்றச் சொன்னவருக்கும் நன்றி. இப்போது எந்த ஃபிளாகில் ஓட்டினாலும் பிழை வர வேண்டிய இடத்தில் வருகிறது.

அதே மேக்ஃபைலில் வளர்ந்த வேறு சில எக்ஸ்டென்ஷன்களும் உண்டு. அடுத்து அவைதான். ஃபோனை அணைத்து வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
பில்லிங் குழு