1000 மடங்கு வேண்டாம், 24 மணி நேரம் குவியம் நிற்கட்டும்: சென்னைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக் கல்லூரிகளின் உயிரியல் துறைத் தலைவர்களுக்கும் கொள்முதல் குழுவினருக்கும்,

வணக்கம். உயிருள்ள செல்லை நாள்கணக்கில் படமெடுக்கும் சிறிய நுண்ணோக்கிக்கு டெண்டர் எழுதும்போது, “1000 மடங்கு உருப்பெருக்கம்” என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். 10 மடங்கு ஆப்ஜெக்டிவ் (செல்லுக்கு அருகில் இருக்கும் லென்ஸ்) போதும். தட்டில் படர்ந்து கிடந்த ஹீலா செல் (ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய் செல்) உருண்டு திரள்வதும், ஓரம் பளிச்சிடுவதும், நடுவில் இடுங்கி இரண்டாகப் பிரிவதும் அதிலேயே தெரியும். சாயமேற்றிய ஸ்லைடை மட்டுமே பார்த்துப் பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியே ஆக வேண்டும். பிரிதல் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எனவே 10 நிமிடத்துக்கு ஒரு படம், 3 நாளுக்கு 432 படங்கள்.

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி, அதற்கான 8 மெகாபிக்சல் கேமரா, எல்.இ.டி. எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். உடலை முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். ஓப்பன்ஃப்ளெக்ஷர் என்ற நுண்ணோக்கி வடிவமைப்பு இலவசம்.

உண்மையான தலைவலி குவியம் நழுவுவதுதான். முப்பரிமாண அச்சுக்குப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக், சூடு ஒரு டிகிரி கூடினால் மீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும். 24 டிகிரி ஏ.சி. அறையிலிருந்து செல் வளர்க்கும் 37 டிகிரி இன்குபேட்டர் பெட்டிக்குள் போனால் 5 செ.மீ. பிளாஸ்டிக் கை 45 மைக்ரான் நீண்டுவிடும். 10 மடங்கு ஆப்ஜெக்டிவின் குவிய ஆழமோ (படம் கூர்மையாகத் தெரியும் ஆழம்) 9 மைக்ரான்தான்! அதனால் வெறும் கருவியை முதல் நாள் மாலையே உள்ளே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் தட்டை ஏற்றிக் குவியம் பிடியுங்கள். குளிர்ந்த லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும் தொல்லையும் இதனால் போகும். இன்குபேட்டரின் சூட்டிலும் ஈரத்திலும் பி.எல்.ஏ. நாளடைவில் தொய்யும். பி.இ.டி.ஜி. அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் என்று டெண்டரிலேயே எழுதுங்கள்.

ராஸ்பெர்ரி பை உள்ளே இருக்கக் கூடாது. அதன் சூடு செல்லைப் பாதிக்கும். ஈரம் அதன் போர்டை அரிக்கும். கேமரா மட்டும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய உறைக்குள் இருக்கட்டும். ரிப்பன் கேபிளைப் பின்பக்கத் துளை வழியே வெளியே எடுங்கள்.

வெள்ளை விளக்கு வேண்டாம். மீடியத்தில் (செல் வளரும் ஊட்டக் கரைசலில்) உள்ள ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் மீது வெள்ளை விளக்கின் நீல ஒளி பட்டால், செல்லுக்கு நஞ்சான ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். செல் செத்தபின் கிருமி எங்கிருந்து வந்தது என்று வீணாகத் தேடுவோம். 630 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி., அதுவும் படமெடுக்கும் நொடியில் மட்டும் எரிந்தால் போதும். கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி, வீடியோ மினுக்கும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். சின்ன யு.பி.எஸ். ஒன்றையும் கொட்டேஷனில் சேருங்கள். படங்கள் பென் டிரைவில் பதிவாகட்டும்.

ஹீலா போன்ற செல்லை வளர்க்கும் கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டர் இல்லாத கல்லூரிகளும் தயங்க வேண்டாம்; ஈஸ்ட்டைப் படமெடுக்கலாம். ஈஸ்ட்டுக்கு ஏற்ற 30 டிகிரியைச் சென்னை அறை இயல்பாகவே தரும். நல்ல மீடியத்தில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிக்கும். அதற்கு மட்டும் 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் வாங்குங்கள்.

பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. 37 டிகிரியில் ஓரிரவு சூடேறிய கருவியில் அளவுகோல் ஸ்லைடை வைத்து, கை வைக்காமல் 24 மணி நேரம் படமெடுக்கச் சொல்லுங்கள். முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் 10 மைக்ரான் இடைவெளிக் கோடுகள் ஒரே கூர்மையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கருவியைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் செல் வளர்ப்புக் கூடங்களில் பணியாற்றுவோர்