இரவல் உயரம்

அன்புள்ள அம்மாடிக்கு,

போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "போலீஸ் குதிரைப் பிரிவை வைத்துக்கொள்வதா, கலைப்பதா என்று குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் அப்பா. 22 வருஷம் அதில் இருந்தவர் நீங்கள். பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றாய். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். பாசத்தை ஒதுக்கிவைக்க என்னால் ஆகாது. ஆனால் அந்தப் பாசத்துக்காக உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

முதலில் குதிரைக்கு எதிரானதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம், குதிரையை அப்படி விட முடியாது. மூன்று மணி நேர ரோந்துக்கு முன்னும் பின்னும் உடம்பைத் தேய்க்க வேண்டும், குளம்பைச் சுத்தம் செய்ய வேண்டும், தீனி வைக்க வேண்டும், லாயத்தைக் கழுவ வேண்டும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது உனக்குத் தெரியுமா? அதனால் சாதாரண வயிற்றுவலியே அதன் உயிரை எடுத்துவிடும். அப்படியான ராத்திரிகளில் நான் வீட்டுக்கு வந்ததில்லை, உனக்கு நினைவிருக்கும். பாஸ்டன் நகரம் 2009இல் செலவைச் சொல்லித்தான் தன் குதிரைப் பிரிவைக் கலைத்தது. கனடாவின் சிவப்புச் சட்டைக் குதிரைப் போலீஸை உலகமே அறியும். அவர்களும் அன்றாட வேலைக்குக் காரில்தான் போகிறார்கள், குதிரை இசை அணிவகுப்பு மாதிரி விழாக்களுக்கு மட்டும். ஆகவே கணக்குக் கேட்கிறவர்மேல் கோபப்படாதே.

லண்டனில் 'போ' (Bow) என்ற தெருவின் நீதிபதி ஜான் ஃபீல்டிங் 1763இல் குதிரை ரோந்தை அனுப்பியது வழிப்பறிக்காரர்களைப் பிடிக்க. அந்த வேலையை மோட்டார் வாகனம் எடுத்துக்கொண்டது. 'குதிரைமேல் இருந்தால் கூட்டம் முழுக்கத் தெரியும்' என்பார்கள். என் காலத்தில் அது நிஜம். இன்று ட்ரோன் அதைவிட நன்றாகப் பார்க்கிறது. அந்த வரியை உன் குறிப்பில் எழுதாதே, முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது?

முகிலை உனக்கு நினைவிருக்கும். சாம்பல் நிறம், இடது காதில் ஒரு வெட்டு. நாங்கள் இரண்டு பேர் இரண்டு குதிரையில் ஒரு பூங்காவைச் சுற்றி வருவோம். ஒரு பெண் தினமும் வந்து முகிலின் கழுத்தைத் தடவிவிட்டுப் போவாள். எதுவும் பேச மாட்டாள். பதினைந்து நாள் கழித்து ஒரு நாள், கை குதிரையின் கழுத்தில் இருக்க, முகத்தை அதன் பிடரிப் பக்கம் திருப்பிக்கொண்டு, வீட்டில் கணவன் அடிப்பதைச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, முகிலிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். காவல் நிலையப் படியை அவள் ஏறியிருக்கவே மாட்டாள். காரில் போகிற போலீஸ்காரரைக் கை நீட்டி நிறுத்தியிருக்கவும் மாட்டாள். குதிரையைத் தொட வருகிறவரை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. அவள் வீட்டாரே பார்த்திருந்தாலும் குதிரையைத் தடவினாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இது என் ஒருவனின் அனுபவம் என்று சொல்வார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் ராண்ட் யூரோப் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பிரிட்டனில் இதை எண்ணியே பார்த்தார்கள், 2014இல் அறிக்கை வந்தது. நடந்து ரோந்து போகிறவர்களைவிடக் குதிரையில் போகிறவர்களிடம் ஜனங்கள் ஆறு மடங்கு அதிகமாக வந்து பேசினார்கள். அதைத் தேடி எடுத்துப் படி. குதிரைப் பிரிவு என்றாலே கலவரம் என்று நினைக்கிற அதிகாரிகளுக்கு அதைக் காட்டு. அதன் பெரிய பயன் ஒன்றும் நடக்காத சாதாரண நாட்களில் இருக்கிறது.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நல்ல குதிரை கூட்டத்துக்குள் எப்படிப் போகும் தெரியுமா? மார்பை முன்னால் வைத்து முட்டாது. பக்கவாட்டில் திரும்பி, குறுக்குக் கால் வைத்து, விலாவால் மெதுவாக நகரும். 600 கிலோ எடை தங்கள் பக்கம் சாய்வது தெரிந்ததும் ஜனங்கள் ஒரு அடி பின்னால் வைப்பார்கள், இன்னொரு அடி வைப்பார்கள். பிரம்பு தூக்க வேண்டியதில்லை, புகை வேண்டியதில்லை.

1923 ஏப்ரல் 28, வெம்ப்ளி மைதானத்தில் முதல் கால்பந்து இறுதிப்போட்டி. ஒன்றேகால் லட்சம் பேருக்கு இருந்த இடத்தில் அதற்கு மிக அதிகமானவர்கள் நுழைந்து, ஆடுகளமே மனிதத் தலையாக நிரம்பிவிட்டது. ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலர் பில்லி என்ற குதிரையில் அங்கே வந்தார். வேறு குதிரைகளும் இருந்தன, ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் பளிச்சென்று தெரிந்தது பில்லிதான். அதுவும் நம் முகில் போலச் சாம்பல் நிறம், படத்தில் வெள்ளையாக விழுந்தது. அந்த ஆட்டத்துக்கே வெள்ளைக் குதிரை இறுதிப்போட்டி என்று பேர் வந்துவிட்டது. ஸ்கோரி முன்வரிசையில் இருந்தவர்களைக் கைகோத்துக்கொள்ளச் சொல்லி, அடியடியாகப் பின்னால் நகர வைத்தார். பில்லி அவர்களோடு நகர்ந்தது. முக்கால் மணி நேரம் தாமதமாக ஆட்டம் தொடங்கியது. அந்தப் படத்தில் குதிரை எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று பார். நான் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இதற்கு நேர் எதிர், 1984 ஜூன் 18, இங்கிலாந்தில் ஆர்கிரீவ். வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்கள்மேல் குதிரைகளைப் பாய விட்டார்கள். கலவரம் முதலான குற்றங்களுக்காக 95 பேர்மேல் வழக்குப் போட்டார்கள், 1985இல் அது நிற்காமல் விழுந்தது. 1991இல் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். நாற்பது வருஷம் கடந்து, 2025இல், பொது விசாரணை நடத்துவோம் என்று அறிவித்தார்கள். ஓடுகிற குதிரையின் முதுகிலிருந்து பார்த்தால் கீழே இருப்பவர் மனிதராகத் தெரிய மாட்டார் அம்மாடி. தலை மட்டும் தெரியும். உன் கையில் கோலும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசி.

உனக்கு நான் சொல்லாத ஒன்று உண்டு. ஒரு மறியலில், உட்கார்ந்திருந்தவர்களை நோக்கி வேகநடையில் போகச் சொன்னார்கள். போனேன். எழுந்து ஓடியதில் வயதான ஒரு அம்மா விழுந்தாள். முகில் அவளை மிதிக்கவில்லை, தானே காலை மடக்கித் தாண்டி நின்றது. நிறுத்தியது நான் இல்லை. இறங்கி அவளைத் தூக்கும்போது அவள் என்னைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்துக் கை நடுங்கினாள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை, அம்மாவிடமும் காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடக்கும் வேகத்துக்கு மேல் கூட்டத்தின் பக்கம் நான் போனதில்லை. அதற்காக இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன்.

உன் குறிப்பில் எதை விட்டாலும் இதை விடாதே: பிரிவு நீடித்தால், கூட்டத்துக்குள் நடை மட்டும்தான். எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாக இருந்தால் பதட்டமான நாளில் யாருக்கும் நினைவு வராது.

அப்புறம் குதிரையின் பக்கம். இதை எந்தக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை. குதிரை இரையாக இருந்து வளர்ந்த பிராணி. பயந்தால் ஓடு என்பதுதான் அதன் உடம்புக்குத் தெரிந்த ஒரே பாடம். கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தவிர. அப்படிப்பட்டதை முரசு, புகை, கொடி, வெடிச்சத்தம், விரிகிற குடை என்று ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் பழக்கி, பக்கத்தில் அனுபவமுள்ள பழைய குதிரை ஒன்றை நிறுத்தி, இது ஒன்றும் செய்யாது என்று நம்ப வைக்கிறோம். சிலது பழகவே பழகாது. அதை வற்புறுத்தக் கூடாது, திருப்பி அனுப்பிவிட வேண்டும். பழகியது நம்மை நம்பி நிற்கிறது. என் தொடை இறுகினால் முகிலின் காது உடனே பின்னால் திரும்பும். நான் மூச்சை விட்டால் அதுவும் விடும். அந்த உயரம் எனக்கு அது தந்த இரவல். இரவல் வாங்கிய பொருளை எதற்கெல்லாம் செலவழிக்கக் கூடாது என்று ஒரு கணக்கு இருக்க வேண்டாமா?

டேராடூனில் 2016 மார்ச்சில் ஒரு போராட்டத்தின்போது சக்திமான் என்ற போலீஸ் குதிரைக்குக் கால் முறிந்தது. காலை எடுத்தார்கள், செயற்கைக் கால் பொருத்தினார்கள், ஏப்ரலில் செத்துப்போனது. அந்தப் படங்களை நீதான் எனக்குப் போனில் காட்டினாய். என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. கல்லும் கட்டையும் பறக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக எந்தக் கணக்கும் நியாயம் சொல்லாது. கண்ணுக்குக் கவசம், மூக்குக்குக் கவசம் எல்லாம் இருக்கிறது, காலுக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது.

ஆக, என் அபிப்பிராயம் இது. ரோந்துக்கும், திருவிழா மாதிரி அமைதியான பெருங்கூட்டத்துக்கும் வைத்துக்கொள்ளட்டும். மோதலுக்கு வேண்டாம். மோதலுக்கு மட்டும்தான் வேண்டும் என்று மேலே சொன்னார்களானால், கலைத்துவிடச் சொல்லி எழுது. நான் வருத்தப்பட மாட்டேன். பாதியாகக் குறைக்கிறோம், இரண்டை மட்டும் அணிவகுப்புக்கு வைக்கிறோம் என்பார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதே. குதிரைக்குத் துணையாக மற்றக் குதிரைகள் வேண்டும், வேலை வேண்டும். நாள் முழுக்க லாயத்தில் கட்டிப்போட்டால் மரத்தைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும். அதைப் பார்த்தவன் நான்.

இன்னொன்று, ஓய்வு. நாய்ப் பிரிவுக்கும் சேர்த்தே எழுதேன். வேலை முடிந்த குதிரையை ஏலத்தில் விடாமல், மேய்ச்சலுள்ள இடத்துக்கு அனுப்ப முதல் நாளே ஒரு தொகை ஒதுக்க வேண்டும். முகிலுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. கடைசி நான்கு வருஷம் புல்வெளியில் படுத்துத் தூங்கியது. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்கப் படுக்க வேண்டும். பாதுகாப்பாக உணர்ந்தால்தான் படுக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு விடிகாலை உங்கள் லாயத்துக்குப் போ. ஆள்கள் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் போ. நேர் முன்னாலும் போகாதே, பின்னாலும் போகாதே, தோள் பக்கமாகப் போய், பேர் சொல்லிக்கொண்டே நில். கையை விரித்து நீட்டு. அது மோந்து பார்த்து, நீளமாக ஒரு மூச்சு விடும். விட்ட பிறகு தொடு. அப்புறம் எனக்கு போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
அப்பா