வீல்சேர் போற பெட்டிக்கு ரிசர்வேஷன் இல்ல, ரிசர்வேஷன் இருக்குற பெட்டிக்குள்ள வீல்சேர் போகாது

ரயில் பெட்டி டிசைன் பண்றவங்களுக்கும் ரிசர்வேஷன் ரூல்ஸ் போடுறவங்களுக்கும் வணக்கம். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறது உண்டான்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம், அதான் ஒரே லெட்டர்ல ரெண்டு பேருக்கும் எழுதுறேன்.

மாற்றுத்திறனாளி கோட்டாவுல ஸ்லீப்பர்ல நாலு பெர்த், அதுல ரெண்டு லோயர், தேர்ட் ஏசிலயும் நாலு. நல்ல ரூல்தான், குறை சொல்லல. ஆனா லோயர் பெர்த் கன்ஃபர்ம் ஆகி மெசேஜும் வந்துடும், அந்த பெர்த் வரைக்கும் போறது எப்படிங்க? கதவுல எப்படியோ திணிச்சு நுழைச்சாலும் டாய்லெட் பக்கத்து திருப்பத்துல சக்கரம் மாட்டிக்கும், அதையும் தாண்டினா நடுவுல போற வழி பத்தாது. அதனால பெரிய ஆளையும் குழந்தை மாதிரி அக்குள்ல கை குடுத்து தூக்கிட்டு போய் பெர்த்ல போடுறாங்க. அப்புறம் விடியுற வரைக்கும் டாய்லெட் போகணுமேன்னு பயந்து முந்தின நாள் மத்தியானத்துல இருந்தே தண்ணி குடிக்காம இருக்குறவங்க எங்கள்ல நிறைய பேர்.

சரி, வீல்சேர் போற பெட்டியே இல்லையான்னா இருக்கு. எஸ்எல்ஆர்டின்னு நீங்களே செஞ்சிருக்கீங்க, அகலமான கதவு, வீல்சேர் நிறுத்த இடம், கைப்பிடி வச்ச பெரிய டாய்லெட். ஆனா அதை கார்டு வேனோடயும் லக்கேஜோடயும் சேர்த்து வண்டியோட ஒரு கோடில மாட்டிட்டீங்க, பிளாட்பார்ம் கூரை முடிஞ்சு வெயிலும் மழையும் ஆரம்பிக்கிற இடத்துல. பெரும்பாலான வண்டில அது அன்ரிசர்வ்டு வேற. பொங்கல் தீபாவளி நேரத்துல எக்மோர்ல வந்து பாருங்க, நல்லா நடக்குறவங்க ஏறி உக்காந்து கதவை உள்பக்கம் பூட்டிக்கிறாங்க. ரயில்வே சட்டம் 155வது பிரிவுல 500 ரூபா வரைக்கும் ஃபைன் போடலாமாம், போடுறதுக்கு ராத்திரி யார் வர்றா?

ஏறுறது தனிக்கதை. தண்டவாளத்துல இருந்து உசரமான பிளாட்பார்மே அதிகபட்சம் 84 சென்டிமீட்டர், பெட்டியோட தரை கிட்டத்தட்ட 130. மிச்சம் ஒரு முழம், பக்கவாட்டு இடைவெளி வேற. வாக்கர் வச்சிருக்குற வயசானவங்களுக்கு இதுதான் பெரிய கண்டம், வாக்கரோட நாலு காலும் அந்த படில நிக்காது, அதனால வாக்கரை முன்னாடி ஒருத்தர் வாங்கிக்கணும், பின்னாடி ஒருத்தர் தாங்கணும், ரெண்டு நிமிஷம் நிக்கிற ஸ்டேஷன்ல இதெல்லாம் முடியுமா? அவங்க நிறைய பேர்கிட்ட மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட்டும் இருக்காது, முழங்கால் தேஞ்சதுக்கு யாரு போய் வாங்குறா. சீனியர் சிட்டிசன் சலுகையையும் 2020 மார்ச்ல நிறுத்தினீங்க, இன்னும் திரும்ப வரல.

டெக்னாலஜி இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. திருநெல்வேலி வந்தே பாரத் 2023ல வந்துச்சு, அதுல கோடி பெட்டில வீல்சேருக்கு இடமும் அகலமான டாய்லெட்டும் இருக்கு. பகல்ல உக்காந்து போறதுக்கு முடியுதுன்னா அதே ரூட்ல ராத்திரி படுத்துட்டு போற வண்டிக்கு ஏன் முடியாது? 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துல போக்குவரத்து வசதி எங்க உரிமைன்னு எழுதியிருக்கு, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் இந்த மாதிரி அணுகல் விதியெல்லாம் வெறும் சிபாரிசா இருக்கக் கூடாது, கட்டாயமாக்கணும்னு சொல்லியாச்சு.

கேக்குறது இதுதான். நைட் வண்டில ஒரு தேர்ட் ஏசி பெட்டிய மட்டும் எடுத்துக்கோங்க, ஒரு பக்க கதவையும் டாய்லெட்டையும் அகலமாக்குங்க, கதவை ஒட்டின முதல் பே-ல, அதாவது எதிரெதிரா பெர்த் இருக்குற முதல் தடுப்புல, எங்க கோட்டா பெர்த்த வைங்க, அப்ப நடு வழி அகலமே தேவைப்படாது, பே ஒண்ணு குறைஞ்சா குறையட்டும். அந்த பெட்டிய வண்டியோட நடுவுல போடுங்க. மடக்குற ராம்ப் ஒண்ணு அந்த பெட்டிக்குள்ளயே இருக்கட்டும், ஸ்டேஷன் ரூம்ல பூட்டி வச்சு சாவி யார்கிட்டன்னு தேடுற ராம்ப் வேண்டாம். புது பெட்டி வர்ற வரைக்கும், விமானத்துல வச்சிருக்காங்களே ஒடுக்கமான சேர், அதுல ஒண்ணு வண்டிக்கு ஒண்ணா குடுங்க, அதுக்கு டெண்டர் விட வருஷக்கணக்கா ஆகாது.