வீட்டுக் கூட்டங்கள் ஏன் ஓய்ந்துவிடுகின்றன?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விசுவாசிகள் சிறு குழுவாக வீடுகளில் கூடி உற்சாகமாகத் தொடங்கும் வீட்டுக் கூட்டங்கள் பல கிறிஸ்தவ சபைகளில் சீக்கிரமே ஓய்ந்துவிடுகின்றன. விசுவாசிகளுக்கு ஆர்வமில்லை என்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. பாட்டு, ஜெபம், வேதபாடம், நோயாளிகளைப் பார்ப்பது, வராதவர்களை விசாரிப்பது என அத்தனையும் ஒருவர் தலையில் விழுகிறது. அவர் களைத்துப்போனால் குழுவும் கலைந்துவிடும்.

மோசேக்கு அவருடைய மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனை வேதாகமத்தில் யாத்திராகமம் 18-ம் அதிகாரத்தில் இருக்கிறது: ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கென்று தலைவர்கள், சிறிய வழக்குகளை அவர்களே தீர்க்க வேண்டும், பெரியவை மட்டும் மோசேயிடம் வரவேண்டும். நம் சபைகளில் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தலைவர் என்று பெயர் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைப் போதகர் கையிலேயே வைத்துக்கொள்கிறோம்.

குழுவில் எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் கூச்சமுள்ளவர்கள் வாய் திறப்பதில்லை. முதல் நாளிலேயே ஓர் உதவித் தலைவரை நியமித்து, மாதம் ஒரு முறையாவது கூட்டத்தை அவரிடமே விட்டுவிட வேண்டும். குழு பெருகிப் பிரியும்போது புதுத் தலைவரைத் தேடி அலைய வேண்டியிருக்காது. வீடு கொடுப்பவர், பாடம் நடத்துபவர், ஜெபக் குறிப்பு (யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது) எழுதுபவர், பிள்ளைகளைக் கவனிப்பவர் எல்லாரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பது நல்லது. அதில் பாடத்துக்கு நாற்பது நிமிடம் என்றால், தலைவர் பேசுவது பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது இன்னொரு ஞாயிறு பிரசங்கம்தான். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளும் கூட்டத்தைக் கொன்றுவிடும். "இந்த வசனத்தின்படி நடக்க இந்த வாரம் எது தடையாக இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

மிகவும் கவனம் தேவைப்படுவது ஜெபக் குறிப்புகளில்தான். அங்கே சொன்னது வெளியே போனால், அடுத்த வாரம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். ஆனால் தற்கொலை எண்ணம், வீட்டில் அடி உதை, பிள்ளைகளுக்கு நேரும் கொடுமை ஆகியவற்றை ரகசியமாக வைக்கக் கூடாது, உரிய உதவிக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஜான் வெஸ்லி என்ற போதகரின் மெதடிஸ்ட் சங்கம் கட்டடக் கடனை அடைக்கப் பன்னிரண்டு பேருக்கு ஒருவரை வைத்து வாரம் ஒரு பென்னி வசூலித்தது. வீடு வீடாகப் போனவர்களுக்குக் குடிப்பழக்கமும் குடும்பச் சண்டையும் கண்ணில் பட்டன. வசூலுக்காக வந்த ஏற்பாடு அப்படித்தான் மேய்ப்புப் பணியாக மாறியது. அந்த வேலையைச் செய்தவர்கள் குருமார் அல்லர், சாதாரண விசுவாசிகள்.

ஆகவே போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழுத் தலைவர்களை மாதம் ஒரு முறை கூட்டி, வருகைக் கணக்கைக் கேட்பதற்கு முன் அவர்களுடைய பாரத்தைக் கேளுங்கள். எதை அவர்களே முடிவு செய்யலாம், எதைச் சபை மூப்பர்களிடம் கொண்டுவர வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சபை ஊழியர் ஒருவர்