விடையைத் தலைகீழாக அச்சிட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் எந்த எழுத்தில் திணறுகிறார்கள், எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. வகுப்பில் பிள்ளை எவ்வளவு நேரம் வாய் திறந்து பேசுகிறது என்பது மட்டும் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளோடு இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் இரண்டாம் வகுப்பில் ஒரு விடுகதை போட்டேன். "ஊரெல்லாம் சுத்துவான், வீட்டுக்குள்ள வரமாட்டான். யாரு?" நான் எதிர்பார்த்தது செருப்பு. ஒரு பையன், "பஸ்ஸு டீச்சர்" என்றான். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்துச் சிறுமி, "பஸ்ஸு ராத்திரி டெப்போவுக்குள்ள போயிருமே, அதானே அதோட வீடு?" என்றாள். அவன் விடவில்லை. "எங்க ஊரு பஸ்ஸு கோயில் வாசல்லயேதான் நிக்கும். டெப்போவுக்குப் போனா காலையில அஞ்சரைக்கு எப்படிக் கெளம்பும்?"

ஏழு வயதுப் பிள்ளை மறுப்பைக் காதில் வாங்கி, கண்ணால் கண்டதைச் சான்றாக வைத்து, நடக்காத ஒன்றை நடந்ததாக நினைத்துப் பார்த்து வாதாடுகிறது! நான் ஒரு நொடி முந்தியிருந்தால் அத்தனையும் அவன் தொண்டைக்குள்ளேயே நின்றிருக்கும்.

அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தவர். கேள்வி கேட்ட ஆசிரியர் பெரும்பாலும் 1 நொடிக்குமேல் காத்திருப்பதில்லை என்று 1970களில் எழுதினார். அதையே 3 நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நம் வகுப்பறைகளில் அந்த ஒரு நொடியும் பல நேரம் கிடையாது. ஆசிரியர் பாதி சொல்வார், மீதியைப் பிள்ளைகள் கோரஸாக முடிப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. "மழ பெஞ்சிருந்தா கொளம் நெறஞ்சிருக்கும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "பெஞ்சிருந்தா இல்லை, பெய்திருந்தால்" என்று உடனே திருத்துகிறோம். காரண காரியம் பேச வந்த பிள்ளை உச்சரிப்புக்குப் பயந்து உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த முறை கேட்டால் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும். எழுத்துத் தமிழ் அவசியம் வேண்டும். அதை எழுதும்போது கற்றுக்கொடுக்கலாமே. வீட்டிலிருந்து கொண்டுவந்த மொழியில்தான் அந்தப் பிள்ளையால் அந்த வயதில் யோசிக்க முடியும்.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடக்கப்பள்ளிகளுக்காகத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்புக்குள் வந்ததை மனதார வரவேற்கிறேன். ஆனால் கதை முடிந்ததும் "நரி என்ன சொன்னது?" என்று கேட்டு நிறுத்திவிடக் கூடாது. "நரி ஏன் அப்படிச் சொன்னது? நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். தினமும் இருபது நிமிடம், நோட்டும் பென்சிலும் இல்லாமல், பேசுவதற்கென்றே ஒதுக்கினால் போதும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் விடுகதைகளுக்குக் கீழேயே விடைகளைத் தலைகீழாக அச்சிடுகிறீர்கள். என் பேத்தி விடுகதையைப் படித்து முடிக்குமுன்பே பக்கத்தைத் திருப்பிப் பிடிக்கிறாள். விடைகளை அடுத்த வாரம் வெளியிடுங்கள். பிள்ளைகள் எழுதி அனுப்பும் வேறு விடைகளையும், அவர்கள் சொல்லும் காரணத்தோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.