பூண்டுக் கஷாயமும் இதய அடைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் தலா ஒரு கப். நான்கு கப் மூன்றாகச் சுண்டும்வரை காய்ச்சி, ஆறியதும் மூன்று கப் தேன். தினம் ஒரு கரண்டி குடித்தால் இதய அடைப்பு கரையுமாம். வாட்ஸ்அப்பில் பல வருஷமாகச் சுற்றும் இந்தக் குறிப்பு, இப்போது 'கொடைக்கானல் மலைப்பூண்டுதான் வேண்டும்' என்ற சேர்க்கையோடு உங்கள் இதழில் வந்திருக்கிறது.

மலைப்பூண்டுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு விளைந்த மண்ணுக்கானது. மருந்துச் சான்று அல்ல. பூம்பாறை, மன்னவனூர்ப் பூண்டின் காரத்தை யாரும் மறுக்கப்போவதில்லை. அந்தக் காரம் எப்படி வருகிறது என்று பார்த்தாலே செய்முறையின் ஓட்டை தெரிந்துவிடும். முழுப் பல்லில் காரத்தைத் தரும் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போது அல்லியின் என்ற பொருளோடு அல்லினேஸ் நொதி கலந்துதான் அது உண்டாகிறது. அப்படி உண்டானதை அடுப்பில் சுண்டக் காய்ச்சினால் சிதைந்துபோகும். பல்லை முழுசாகப் பாலில் வேகவைத்தால் நொதியே முதலில் அடங்கிவிடும் (ருசியில் குறை சொல்ல முடியாது). காரம் நிற்க வேண்டுமானால் நசுக்கிப் பத்து நிமிஷம் விட்டு, இறக்கும்போது சேர்க்க வேண்டும்.

பச்சையாகவே தின்றால்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) ஓரளவு கூடியிருந்த 192 பேர் பங்கேற்றார்கள். பச்சைப் பூண்டு தரப்பட்டவர்கள் வாரம் 6 நாள், ஒரு பல் அளவு, ஆறு மாதம் சாப்பிட்டும் எல்டிஎல் இறங்கவில்லை. உயர் ரத்த அழுத்தத்தைப் பூண்டு கொஞ்சம் குறைப்பதாகச் சில ஆய்வுகள் உண்டு. அதை நம்பி மாத்திரையை நிறுத்த முடியாது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் பூண்டை மருந்தளவில் எடுத்தால் ரத்தக்கசிவு கூடலாம். ஈறில் ரத்தம், கறுத்த மலம் கண்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே பூண்டு மாத்திரையை நிறுத்திவிடுவது நல்லது. குழம்பில் போடும் நாலு பல்லுக்கு இந்தப் பயம் வேண்டாம். கஷாயத்தில் பாதி தேன் என்பதைச் சர்க்கரைக்காரர்களுக்கும் சொல்லியிருக்கலாம்.

எங்கள் மேல்மலைக்காரர்களுக்கு வேறொரு கஷ்டம். நெஞ்சு பாரத்தை 'வாயு' என்று பூண்டு கொடுத்துப் பார்க்கும் நேரத்தில், மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நன்றாக வேலை செய்யும் முதல் சில மணி நேரத்தில் ஒரு பங்கு போய்விடும். மீதியை மலைப்பாதை எடுத்துக்கொள்ளும். திருத்தம் போடும்போது அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் இதையும் சேருங்கள்: நெஞ்சு பாரம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் முதலில் 108.

வாசகர்,
மன்னவனூர், கொடைக்கானல் வட்டம்.