காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தந்தால் மட்டும் போதாது: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை அமைச்சர் அவர்களுக்கும், தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடல் காட்டுப்பன்றியைப் பற்றியது என்றாலும் பன்றியோடு முடிகிற விஷயம் அல்ல. பன்றிக்கு இழுத்த மின்கம்பியில் யானை சாகிறது. பன்றிக்குக் கட்டிய சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடியை, யானைக்கன்று கடித்து வாய் சிதைகிறது. பன்றி விஷயத்தில் அரசு எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறதோ, அதைப் பொறுத்தே காட்டோரத்தில் மற்ற உயிர்களும் பிழைக்கின்றன.

2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவித்த ஏற்பாட்டை நாங்கள் ஆதரிக்கிறோம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ. தாண்டினால் வனத்துறையினரே சுடலாம் என்பது அதன் சாரம். பீகார், உத்தராகண்ட் மாநிலங்களுக்குச் செய்ததுபோல, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் பன்றியைத் தீங்குயிரியாக அறிவிக்கச் சொல்லி மத்திய அரசிடம் போகாமல் இருந்ததும் சரியே. அப்படி அறிவித்தால் காட்டுக்கு வெளியே யார் சுட்டாலும் குற்றமில்லை என்று ஆகிவிடும். காட்டுக்குள் சுட்டதை வெளியே சுட்டதாகச் சொல்லி இறைச்சி விற்க அதுவே வழியாகும். புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றுக்கும் பன்றி இரை. அந்த இரையைக் கறிக்கடைக்குக் கொடுத்துவிட்டுப் புலிகள் காப்பகம் நடத்த முடியாது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் நேரக்கணக்கு இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது. பத்துப் பதினைந்து பன்றி கொண்ட ஒரு கூட்டம் நிலக்கடலை வயலை ஓரிரவில் கிளறிப் போட்டுவிடும். மனு கிராமக் குழுவுக்குப் போய், வனச்சரகத்துக்குப் போய், சுடத் தெரிந்த ஊழியர், துப்பாக்கி, வாகனம் மூன்றும் ஒன்றுசேர்ந்து வருவதற்குள் கடலை பிடுங்கும் நாளே வந்துவிடுகிறது. சுருக்குக் கம்பி வேலைக்கு வருவது அந்த இடைவெளியில்தான்.

பன்றி எப்போது வரும் என்பது தெரியாத ரகசியமும் அல்ல. விதைத்த முதல் பத்து நாளில் மக்காச்சோளம், நிலக்கடலை விதையைச் சால் பிடித்தே தோண்டித் தின்னும். பிறகு மக்காச்சோளம் பால் பிடிக்கும் 70, 80ஆம் நாள் வாக்கில் வரும். நிலக்கடலையில் காய் திரளத் தொடங்கும் 60ஆம் நாளிலிருந்து அறுவடை வரை வரும். மரவள்ளியில் கிழங்கு பருக்கும் கடைசி மாதங்கள். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் இருக்கிறது. அதை வைத்து, விதைப்பு முடிந்ததுமே ஆபத்தான வாரங்களுக்கான உத்தரவைத் தயாராக வைத்திருக்கலாம். சட்டத்தின் 11(1)(ஆ) பிரிவு கேட்பதெல்லாம் காரணம் காட்டிய எழுத்துமூல உத்தரவு, அதில் குறிப்பிட்ட பகுதி. தனி விலங்குக்கு மட்டுமல்ல, விலங்குக் கூட்டத்துக்கும் அப்படி உத்தரவிட அந்தப் பிரிவே இடம் தருகிறது. முறையீடு வந்து 48 மணி நேரத்துக்குள் சுடும் குழு வயலுக்கு வர வேண்டும், வர முடியாவிட்டால் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

அடுத்தது எல்லை. 3 கி.மீ. எங்கிருந்து அளப்பது என்பதில் களத்தில் குழப்பம் வரும். ஊருக்கு நடுவே சிறு கரடு ஒன்று காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருந்தால் அதைச் சுற்றிய நிலமெல்லாம் எந்த மண்டலம்? உழவருக்கும் வனக்காப்பாளருக்கும் ஆளுக்கொரு விடை இருக்கக் கூடாது. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் புல எண் வாரியாக மூன்று மண்டலப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். வரைபடத்தில் ஒருமுறை செய்தால் தீரும் வேலை அது.

பிடித்துக் காட்டில் விடும் நடு மண்டலத்தைப் பற்றி எங்களுக்குப் பெரிய கவலை இருக்கிறது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தபோது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. அந்த நோய் மனிதருக்கு வராது. பன்றிக்கு மருந்தும் இல்லை. செத்த பன்றியின் உடலில் கிருமி பல வாரம் உயிரோடு இருக்கும். ஊர்ப்புறத்துப் பன்றிகள் வீட்டுப் பன்றிகளோடும் குப்பைமேட்டோடும் பழகியவை. அவற்றைப் பிடித்த கையோடு வண்டியில் ஏற்றிக் காப்பகத்துக்குள் இறக்கினால் நோயை நாமே கொண்டுபோய் விடுகிறோம். எனவே பிடித்த பன்றிக்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் காட்டில் விடக் கூடாது. முடிவு வரும்வரை தனிக்கொட்டிலில் வைக்க வேண்டும். நோய் வெளிப்பட இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால் அத்தனை நாளும் தீனி, தண்ணீர், கழிவு அகற்றலுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். கூண்டு, வண்டி, வாகன டயர் எல்லாவற்றுக்கும் கிருமிநாசினி அடிக்க வேண்டும். இதற்கெல்லாம் வழியில்லாத வனக்கோட்டத்தில் பிடித்து விடும் வேலையைத் தொடங்காமலிருப்பதே மேல்.

சுடுவதிலும் எண்ணிக்கையைவிட எதைச் சுடுகிறோம் என்பது முக்கியம். தனியே திரியும் கிழட்டு ஆண் பன்றி எளிதில் குறிக்கு அகப்படும். அறிக்கையில் ஒன்று ஏறும், வயலில் சேதம் குறையாது. பெண் பன்றி ஏறக்குறைய 115 நாள் சினை சுமந்து நான்கு முதல் ஆறு குட்டி போடும். நல்ல தீனி கிடைத்தால் குட்டிகள் ஓராண்டிலேயே இனப்பெருக்கத்துக்கு வந்துவிடும். ஆகவே வயலுக்கு வரும் கூட்டத்தைத் தடம் பார்த்து அடையாளம் கண்டு, அந்தக் கூட்டத்தையே இலக்காக வைக்க வேண்டும். முன்னே வரும் மூத்த பெண் பன்றியை மட்டும் சுட்டுவிட்டு மற்றதை விட்டால் கூட்டம் சிதறி நாலு திசையில் நாலு ஊருக்குப் போகும்.

சுடும் இடம் பற்றியும் விதி வேண்டும். சமவெளியில் நின்று கிடைமட்டமாகச் சுட்ட ரைஃபிள் குண்டு கி.மீ. கணக்கில் பறக்கும். நின்ற மக்காச்சோளத்துக்குள் இரவுக் காவலுக்குப் படுத்திருக்கும் ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டார். பத்தடி உயரப் பரணிலிருந்து, தரையை நோக்கி, பின்னால் மண்கரை இருக்கும் இடத்தில் மட்டும் சுட வேண்டும். பயிருக்குள் குருட்டாம்போக்கில் சுடவே கூடாது. சுற்றுவட்டாரத்துக்கு முதல்நாளே தண்டோரா போட வேண்டும். அடிபட்ட பன்றியை இரத்தத் தடம் பிடித்துப் போய் முடிக்காமல் குழு கலையக் கூடாது. காயம்பட்ட பன்றி மறுநாள் காலை புல் அறுக்கப் போகிறவர்மேல் பாயும். உடலை ஆறடிக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைத்து, ஆணா பெண்ணா, தோராய எடை, சினையா, புல எண் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். இறைச்சி ஒரு கிலோகூட வெளியே போகக் கூடாது. போனால் அடுத்த மனுக்கள் கறிக்காகவே வரும்.

காட்டிலிருந்து தள்ளியுள்ள பல ஊர்களில் பன்றி காட்டிலிருந்து வருவதே இல்லை. ஏரி உள்வாயிலும் ஆற்றங்கரையிலும் மண்டிய சீமைக்கருவேலப் புதரில் குடியிருக்கிறது. கோழிக்கழிவும் விடுதி எச்சிலும் கொட்டும் இடமே அதற்கு மேய்ச்சல். அந்தப் புதரும் கழிவும் இருக்கும்வரை எத்தனை சுட்டாலும் அடுத்த ஈற்றில் இடம் நிரம்பும். மொத்தப் புதரையும் ஒரே மூச்சில் வெட்டினாலும் பன்றி பக்கத்து ஊருக்குத்தான் போகும். வயலை ஒட்டி நூறடி அகலத்துக்கு முதலில் வெட்டவெளியாக்கி, மறைவில்லாமல் வயலுக்கு வர முடியாதபடி செய்துவிட்டு, பிறகு உள்ளே போகலாம். நீர்வளத் துறையையும் ஊராட்சியையும் சேர்க்காமல் வனத்துறையால் மட்டும் இது முடியாது.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறோம்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே வயலுக்கு இழுத்திருந்த மின்கம்பியில் மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பி அநாதைகளாயின. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் இடைவிடாமல் பாயும். தொட்ட உடலின் தசை இறுகி விலக முடியாமல் போகும். முறையான சூரிய மின்வேலியில் வோல்ட் பல ஆயிரம் என்றாலும் நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு மட்டும் துடிப்பு வரும். விலங்கு அதிர்ந்து விலக அவகாசம் கிடைக்கும். அந்த வேறுபாட்டில்தான் உயிர் இருக்கிறது.

பம்ப்செட் இணைப்பிலிருந்தே பெரும்பாலும் கம்பி இழுக்கப்படுகிறது. அங்கே 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சை மின்வாரியம் பொருத்தினால் உடலைத் தொட்ட கணம் மின்சாரம் நின்றுவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. பழைய நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் இணைப்புகளில் இயல்பாகவே கசிவு இருக்கும். சுவிட்ச் அடிக்கடி விழும், தண்ணீர் பாய்ச்ச முடியாத உழவர் அதைத் தாண்டி நேராக இணைத்துவிடுவார். ஆகவே சுவிட்சுக்கு முன்னால் கேபிள் சோதனை, பழுதுபார்ப்புக்கு மானியம் என்ற வரிசையில் செய்யுங்கள். திறந்த மின்பாதையில் நேராகக் கொக்கி போடுவதற்கு இது மருந்தல்ல. காட்டோரப் பாதைகளில் உறையிட்ட கம்பி மாற்றுவதே அதற்கு வழி.

சூரிய மின்வேலி போட மானியம் தரப்பட்டிருக்கிறது, பராமரிக்க யாரும் வருவதில்லை. கீழ்க்கம்பியில் புல் உரசினால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். கோடையில் நிலம் காய்ந்து எர்த் கம்பி பிடிக்காது. பேட்டரி தேய்ந்தால் வேலி வெறும் கம்பி. பன்றிக்கு மூக்குதான் முதலில் போகும் என்பதால் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும். புல் முதலில் தொடுவதும் அந்தக் கம்பியைத்தான். ஊராட்சிக்கு ஒரு வேலி மெக்கானிக்கைப் பயிற்றுவித்து, மாதம் ஒருமுறை வேலியின் கடைசி முனையில் வோல்ட் அளந்து குறிக்கச் சொல்லுங்கள்.

சுருக்குக்குப் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிளின் உள்கம்பிதான் பயன்படுகிறது. தடம் தேய்ந்த வேலி இடுக்கில் புல் நிறத்திலேயே மறைந்து கிடக்கும். சிறுத்தை புகுந்தால் இடுப்பில் இறுகும். திமிறி அறுத்துக்கொண்டு ஓடினாலும் கம்பி சதைக்குள்ளேயே இருந்து, புண் புழுத்து, எங்கோ ஒரு புதரில் சாகும். சாவு நம் கணக்கிலேயே வராது. வேட்டைத் தடுப்புக் காவலர்களின் ரோந்து காட்டுக்குள் போகிறது, சுருக்கோ பட்டா நிலத்து வேலியில் இருக்கிறது. அறுவடைக்கு முந்தைய மாதத்தில் உழவரையும் கூட்டிக்கொண்டு வேலியோரமாக நடந்து தேடும் ரோந்து வேண்டும். சட்டத்தின் 2(16) பிரிவில் கண்ணி வைப்பதும் அதற்கான முயற்சியும் வேட்டைதான், எதுவும் சிக்காவிட்டாலும் குற்றம்தான் என்பதையும் ஊர்க்கூட்டத்தில் சொல்லுங்கள். அவுட்டுக்காய் விஷயத்தில் செய்பவரையும் விற்பவரையும் பிடிக்க வேண்டும். வாங்கி வைத்தவரோடு வழக்கை முடித்தால் அடுத்த வாரம் வேறொருவர் வாங்குவார்.

கடைசியாகப் பதிவேடு. வன விலங்கால் வரும் பயிர்ச்சேதத்தை 2026 காரீப் (பருவமழைக் காலப் பயிர்) பருவம் முதல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கூடுதல் காப்பாகச் சேர்க்க மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் முடிவெடுத்தது. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் இடக்குறிப்புள்ள படத்தோடு செயலியில் பதிய வேண்டும். எந்த விலங்கு, எந்தப் பகுதி என்று மாநிலம்தான் அறிவிக்க வேண்டும், அதுவும் பழைய சேதப் பதிவுகளை வைத்து. “பன்றிதானே” என்று வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு முறையீடும் அந்தக் கணக்கில் இல்லாமல் போகிறது. நிலம் குத்தகைக்கு ஓட்டுபவருக்குப் பட்டா இல்லாததால் மனுவே எடுக்கப்படாமல் போவதும் உண்டு. வனக்காப்பாளர் வந்து குளம்புத் தடத்தையும் கிளறிய மண்ணையும் பார்த்து அன்றே கையெழுத்திட்டுத் தரும் ஒரு பக்கச் சான்று, பயிரிடுபவர் பெயரில், எல்லா வனச்சரகத்திலும் வேண்டும். ஆடிப்பட்ட விதைப்புக்கு முன்னால் அந்தப் படிவமும் புல எண் பட்டியலும் ஊராட்சிகளுக்கு வந்து சேரும்படி உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
காட்டோர வேளாண்மையிலும் வன உயிரினப் பாதுகாப்பிலும் பணிபுரிவோர்